குளியல் பாட்டுக்கு எழுதிய குறிப்பு

இறந்தவர்களுக்குப் பாட்டுச் செய்கிற வேலை ஐவிக்கு அறுபது வயதில் வந்து சேர்ந்தது. பாட்டை அவள் எழுதுவதுமில்லை, பாடுவதுமில்லை. கணினி பாடும். எப்படிப் பாட வேண்டும் என்று அதற்கு எழுதிக்கொடுப்பதுதான் அவளுடைய பங்கு.

கடை அவளுடைய அக்கா மகன் டினேஷினுடையது. திருகோணமலையில் உள்துறைமுக வீதியிலிருந்து பிரிகிற ஒரு ஒழுங்கையில் இருக்கிறது. மரண அறிவித்தல், கண்ணீர் அஞ்சலிப் பதாகை, முப்பத்தோராம் நாள் நினைவு மலர் எல்லாம் அங்கே அச்சாகும். இரண்டு வருடத்துக்கு முன்பு கனடாவிலிருந்து ஒரு குடும்பம் தகப்பனுக்கு நினைவுப் பாட்டும் வேண்டும் என்று கேட்டது. டினேஷ் ஏஐயில் ஒன்றைச் செய்தான். வரிகளில் பிழை இல்லை. ஆனால் இலங்கைத்துறையில் ஐம்பது வருடம் வலை இழுத்த மனிதரின் பாட்டுக்குக் கல்யாண வீட்டு மேளம் விழுந்திருந்தது. பாண் வாங்கப் போகிற வழியில் கடைக்குள் எட்டிப் பார்த்த ஐவி அதைக் கேட்டுவிட்டு, "தள்ளு தம்பி. நான் சொல்லுறன், நீ அடி," என்றாள்.

அன்றைக்குத் தொடங்கியது. அவளுக்குச் சங்கீதம் படிப்பித்தவர்கள் யாருமில்லை. முப்பது வருடம் கிறிஸ்தவக் கோயில் பாடகர் குழுவில் இரண்டாம் குரல் பாடியவள். ஒன்பது வருடம் சைப்பிரஸில் முதியவர்களைப் பராமரித்தவள், அதற்கென்று பயிற்சி எடுத்துச் சான்றிதழும் வைத்திருப்பவள். ஒருவர் எந்த இடத்தில் மூச்சு வாங்குவார், எந்தச் சொல்லில் குரல் இறங்கும் என்பது அவளுக்குக் கட்டிலருகில் நின்று பழகிய விஷயம். ஊருக்குத் திரும்பிய பிறகும் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

'சோகம்' என்று எழுதக் கூடாது என்பதை முதல் வாரமே கண்டுபிடித்தாள். அந்தச் சொல்லைக் கண்டால் கணினி வயலினை அள்ளிக் கொட்டும். 'முழங்கால் வருத்தக்காரர் நடக்கிற வேகம்' என்று எழுதுவாள். 'பெண் குரல், ஐம்பது வயதுக்கு மேல், கொஞ்சம் தடிமன் பிடித்து மூக்கடைத்த மாதிரி.' 'முதல் நாலு வரிக்கு ஹார்மோனியம் மட்டும். பிறகு தபேலா, அதுவும் ஓரத்தில் தட்டினால் போதும். கூட்டுக் குரல் வேண்டாம், செத்தவர் கூட்டம் விரும்பாதவர்.' டினேஷ் அதை ஆங்கிலமாக்கிப் பெட்டிக்குள் போடுவான். பாட்டு வரும். தவறினால் ஐவி இன்னொரு தரம் எழுதுவாள்.

"அன்ரி, உங்கட குறிப்பு இல்லாட்டி இது வெறும் ரேடியோ," என்று அவனே சொல்லுவான்.

இந்த வேலைக்கு நடுவில்தான் கிண்ணியாவில் அபூதாஹிரை அவள் பதினாலு மாதம் பார்த்தாள். பாலம் வருவதற்கு முன்பு ஆட்களையும் வாகனங்களையும் அக்கரைக்குக் கொண்டுபோன, 'பாதை' என்று சொல்கிற மிதவையில் வேலை செய்தவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சுக் குழறும். மகள் சித்தி பரீதாவின் வீட்டில் இருந்தார். மகன் நஸ்ரி கத்தாரில்.

குளிப்பாட்ட முதலில் ஸஜ்ஜாத் என்று ஒரு ஆண் உதவியாளர் வந்தார். இரண்டு மாதத்தில் அவரும் வெளிநாடு போய்விட்டார். வேறு ஆண் கிடைக்கவில்லை. தகப்பனை மகள் குளிப்பாட்டுவது அந்த வீட்டில் நடக்கிற காரியமில்லை. பரீதா தயங்கித் தயங்கி ஐவியிடம் கேட்டாள். ஐவி சாரத்தை அவிழ்க்காமல், துவாயால் மூடி, பகுதி பகுதியாகத் துடைத்துக் கழுவுகிற முறையைப் படித்தவள். செய்யலாம் என்றாள்.

முதல் நாள் கிழவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். துவாய் முழங்காலுக்கு மேலே போனதும் பாடத் தொடங்கினார். பாதை தள்ளுகிற காலத்துக் கவிப் பாட்டு. பேச வராத வாயில் பாட்டு மட்டும் தெளிவாக வந்தது. பக்கவாதக்காரரிடம் அப்படி வருவதுண்டு, ஐவிக்கு அது புதிதல்ல. அவள் கவனித்தது வேறொன்று. அவர் தேவைக்கு மிஞ்சிய சத்தத்தில் பாடினார், வரிகளுக்கு நடுவில் விம்மினார். முகமெல்லாம் கண்ணீர்.

பாட்டு முடிந்த பிறகு அவர் மூன்று தரம் முயன்று ஒரு வசனத்தைச் சொல்லி முடித்தார். "புள்ளையளுக்குச் சொல்லாதங்க மிஸ்."

"சொல்லமாட்டன்," என்றாள் ஐவி.

மிச்சப் பன்னிரண்டு மாதமும் அப்படியே நடந்தது. அழுகை வெளியே கேட்காமல் இருக்கத்தான் அவர் பாடினார். சுவருக்கு அந்தப் பக்கம் குசினியில் சமைத்துக்கொண்டு நின்ற பரீதாவுக்கோ, வாப்பா குளிக்கும்போது சந்தோசத்தில் பாடுகிறார் என்று பெருமை. வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவாள். கத்தாருக்குப் போன் எடுத்துச் சொல்லுவாள். "மிஸ் வந்த நேரம் வாப்பாவுக்குப் பழைய குரல் வந்திட்டு!" ஐவி தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, ஓம் என்று தலையாட்டிவிட்டுப் போவாள்.

அபூதாஹிர் மௌத்தாகி நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த பிறகு பரீதா அழைத்தாள்.

"மிஸ், வாப்பா குளிக்கக்குள்ள பாடுற மாதிரி ஒரு பாட்டு வேணும். நஸ்ரிக்கு அனுப்ப. வாத்தியம் ஒண்டும் வேணாம், வெறும் குரல். சந்தோசமா இருக்கோணும்."

ஐவி கடைக்குப் போய் எழுதினாள். 'வயதான ஆண் குரல், எழுபதுக்கு மேல். வாத்தியம் இல்லை. அடித்தளத்தில் ரீங்காரமும் வேண்டாம். ஓடத்தில் நின்று பாடுகிற மாதிரித் திறந்த குரல். உற்சாகம்.' வந்தது சினிமாப் பாடகர் ஒருவர் கிழவர் வேடம் போட்ட மாதிரி இருந்தது. இரண்டாம் தரம் எங்கிருந்தோ ஒரு புல்லாங்குழல் நுழைந்தது. மூன்றாம் தரம் குரல் சரி, உயிர் இல்லை. நாலாம் தரமும் அப்படியே.

"காணும் அன்ரி. அவையளுக்கு விளங்கவா போகுது?" என்றான் டினேஷ்.

"எனக்கு விளங்குது."

குறை எங்கே என்று அவளுக்குத் தெரியும். உற்சாகம் என்று எழுதினால் அவருடைய குரல் வராது. அந்தக் குரலை உண்டாக்கியது வெட்கம். அதைச் சொன்னால்தான் கணினிக்குப் பிடிபடும். கணினிக்குச் சொல்வது ஆளுக்குச் சொல்வதாகாது என்று ஐவி நினைத்தாள். அவள் செய்த பிழை அதுதான். நடுவில் டினேஷின் கண் இருந்தது. ஆனால் அவனைத் தன் பிள்ளை என்றுதான் அவள் எண்ணியிருந்தாள்.

எழுதினாள்: 'கிண்ணியாப் பாதையில் வேலை செய்த முதியவர். படுக்கையில் இருக்கிறார். அந்நியப் பெண் ஒருத்தி உடம்பைத் துடைக்கும்போது வெட்கத்தில் அழுகிறார். அழுகை பிள்ளைகளுக்குக் கேட்கக் கூடாது என்று சத்தமாகப் பாடுகிறார். ஒவ்வொரு மூன்றாம் வரியின் கடைசியிலும் மூச்சு உடையும். உடைந்தது தெரியாமல் இருக்க அடுத்த வரியை இன்னும் உரத்துப் பிடிப்பார்.'

டினேஷ் வாசித்துவிட்டு நிமிர்ந்தான். "உண்மையா அன்ரி?"

"இது பாட்டுக்கு மட்டும். வெளியில போகக் கூடாது."

"நான் ஆரிட்டச் சொல்லப்போறன்?"

அந்தத் தரம் வந்தது அபூதாஹிரேதான். கிண்ணியாவில் பரீதா அதைக் கேட்டுவிட்டுப் போனில் பேச முடியாமல் வைத்துவிட்டாள். பத்து நிமிடம் கழித்து மறுபடி எடுத்து, "வாப்பா சிரிச்சிக்கிட்டுப் பாடுற மாதிரியே இருக்கு மிஸ்," என்றாள். அப்படியே இருக்கட்டும் என்று ஐவி விட்டுவிட்டாள்.

மூன்று வாரம் போனது. ஒரு காலையில் பரீதாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கூட ஒரு சொல்லும் இல்லை. டினேஷின் கடைப் பக்கம். 'நல்ல நினைவுப் பாட்டு வேண்டுமா? எங்களுக்கு இப்படி எழுதி அனுப்புங்கள்' என்ற தலைப்பு. கீழே ஐவியின் குறிப்பு, ஒரு எழுத்துக் குறையாமல். அதற்குக் கீழே அபூதாஹிரின் பாட்டு.

ஐவி நேரே கடைக்கு நடந்தாள். டினேஷ் பதாகை வெட்டிக்கொண்டிருந்தான்.

"எடு அதை."

"எதை அன்ரி?"

"நடிக்காத."

அவன் கத்தரிக்கோலை வைத்தான். "பேர் போடேல்ல அன்ரி. ஊர் மட்டும்தான்."

"கிண்ணியாப் பாதையில வேலை செய்த எத்தினை பேர் கிட்டடியில செத்தவை? பாட்டையும் சேர்த்துப் போட்டிருக்கிறாய்."

"எல்லாரும் நல்லாத்தான் எழுதியிருக்கினம். எவ்வளவு பேர் பகிர்ந்திருக்கினம் எண்டு பாருங்கோ. லண்டனில இருந்துகூட…"

"உன்னட்ட என்ன சொன்னனான்?"

அவன் தலையைச் சொறிந்தான். பிறகு சும்மா கிடந்த ஒரு பொருளை எடுத்து நீட்டுகிற மாதிரிச் சொன்னான்: "வெளியில போகக் கூடாதெண்டா நீங்கள் ஏன் அன்ரி எழுதினனீங்கள்? நானா பார்த்தனான் அந்த மனுசனை?"

அவன் பதிவை அழிக்கும்வரை ஐவி நின்று பார்த்துவிட்டு, கிண்ணியா பஸ் ஏறினாள்.

பஸ் சீனன்குடாவைத் தாண்டும்போதே என்ன செய்வதென்று முடிவாகிவிட்டது. உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம். கேட்டால் பரீதா ஒருவேளை மன்னிப்பாள். ஆனால் அந்த மனிதர் அவளிடம் கேட்டது ஒரே ஒரு காரியம். அதில் பாதி ஏற்கெனவே போய்விட்டது. மிச்சப் பாதியைத் தன் பெயரைக் கொடுத்தாவது மீட்க வேண்டும்.

பரீதா உட்காரக் கதிரையைக் காட்டவில்லை. அவளுடைய மகள் நிப்லா உள் வாசலில் நின்றாள்.

"நஸ்ரி இரவெல்லாம் கத்துறான் மிஸ். வாப்பாட உடம்ப ஊருக்கே காட்டிட்டாங்க எண்டு," என்றாள் பரீதா. குரல் உயரவில்லை. "எனக்கு அதில்ல. நான் சுவருக்கு இந்தப் பக்கம் நிண்டு ரசிச்சுக் கேட்டனான். ஆக்களக் கூப்பிட்டுக் கேக்க வச்சனான். வாப்பா அழுறத ரசிச்சனானா? அத மட்டும் சொல்லுங்க."

"இல்ல பரீதா."

"அப்ப அங்க எழுதினது?"

"நான் கட்டி எழுதினது. சந்தோசம் எண்டு எழுதினா அந்த மிஷினுக்குக் குரல் வரேல்ல. நாலு தரம் பார்த்தனான். அழுகிறார் எண்டு எழுதினாத்தான் நல்லா வரும் எண்டு எழுதினனான்."

"பொய்யா?"

"பொய்."

"வாப்பா அழவே இல்லையா?"

"சந்தோசமாத்தான் பாடினவர். தண்ணி பட்டா அவருக்குப் பாதை ஞாபகம் வரும்."

பரீதா சுவரில் சாய்ந்தாள். அவளுடைய தோள் இறங்கியது. நின்ற நிலையிலேயே கண்ணைத் துடைத்தாள். அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது. இப்போது கோபப்பட அவளுக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டது.

"மௌத்தாப்போன மனுசனப் பத்தி, ஒரு பாட்டு நல்லா வாறதுக்கு, இப்பிடி ஒரு பொய்ய எழுத உங்களுக்கு எப்பிடி மனசு வந்த? எங்கட சோத்தத் திண்டீங்களே மிஸ்! இனி இந்த வாசலுக்கு வராதீங்க. ஆரும் கேட்டா நான் சொல்லத்தான் செய்வன்."

"சொல்லுங்கோ," என்றாள் ஐவி. செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

பரீதா சொன்னாள். தோப்பூரில் பேசி முடித்திருந்த நோயாளி வீட்டார், வேறு ஆள் பார்த்துவிட்டோம் என்று செய்தி அனுப்பினார்கள். கிண்ணியாவில் இன்னொரு வீடும் நின்றது. கோயிலில் பாடகர் குழு ஜெனிதா அருகில் வந்து, "நீங்கள் கற்பனையா எழுதினதாமே, மெய்யே?" என்று கேட்டாள். ஓம் என்றாள் ஐவி.

டினேஷ் ஒரு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தான். அவள் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். அவன் கொண்டுவந்த புதிய பாட்டு விபரங்களை வாங்கவில்லை.

"அன்ரி, நான் கிண்ணியாவுக்குப் போறன்," என்றான். "நீங்கள் எழுதினது உண்மை எண்டு சொல்லுறன். என்னாலதானே எல்லாம். உங்கட பேர் திரும்பி வரும்."

"போகாத."

"நல்லதுக்குத்தான் அன்ரி."

"அவருக்கு நான் குடுத்த வாக்கு டினேஷ். நீ வாய் திறந்தியெண்டா, இந்த வீட்டுப் படி ஏறாத."

"சரி. ஆரிட்டையும் சொல்லமாட்டன்," என்றான் அவன்.

அன்றைக்குக் கடையிலும் அவன் இப்படித்தான் சொல்லியிருந்தான். ஆனால் நம்புவதற்கு ஐவியிடம் வேறு ஆள் இல்லை. கோப்பையை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.