ஓலைக் குச்சுக்குள் ஒரு சண்டை

வெட்டிப் போட்ட பச்சைத் தென்னங்கீற்று வெயிலில் வாடும்போது, புல்லும் புளித்த இளநீரும் கலந்தாற்போல ஒரு வாசனை வரும். எங்கே அந்த வாசனை வந்தாலும் என் கட்டைவிரல்கள் இரண்டும் தாமாகவே அசையத் தொடங்கிவிடும். கேட்டால் சிரிப்பார்கள் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நான் பெரிய மனுஷியானபோது ஏழாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில் இருக்கிறது. சின்னமனூரிலிருந்து மாமா வந்து, வீட்டின் பின்சுவரை ஒட்டிப் பச்சை ஓலையில் எனக்கு ஒரு "குச்சு" கட்டினார். சடங்கு முடிகிறவரை நான் அதற்குள்தான் இருக்க வேண்டும்; ஆண்பிள்ளைகள் கிட்டே வரக் கூடாது; நான் தொட்டதெல்லாம் "தீட்டு". சடங்கன்று காலையில் எனக்குத் தண்ணீர் ஊற்றியதும் தட்டையும் டம்ளரையும் மஞ்சள் தண்ணீரில் முக்கி எடுப்பார்கள், குச்சை மாமாவே பிரித்துப் போட்டுத் தீ வைப்பார். அதுதான் முறை.

அந்தக் குச்சுக்குள் வீட்டில் யாருக்கும் தெரியாமல் ஒரு வீடியோ கேம் இருந்தது. துபாயில் வேலை பார்த்த சித்தப்பா என் தம்பி செல்வத்துக்குக் கொண்டுவந்தது. உள்ளங்கையில் அடங்குகிற, யாரோ விளையாடிப் போட்ட பழைய பெட்டி. உள்ளே ஏதோ ஜப்பான் கார்ட்டூன் தொடரின் சண்டை. அந்தத் தொடரை நாங்கள் பார்த்ததில்லை, எழுத்தும் ஜப்பான் எழுத்து என்பதால் யார் நல்லவன் யார் கெட்டவன் என்றுகூடத் தெரியாமல் பெயர்களை நாங்களே வைத்துக்கொண்டோம். கையில் துணி சுற்றியவன் "கட்டுக்கை", அவன் செல்வத்தின் ஆள். ரிப்பன் கட்டிய சிறுமி "ரெட்டச்சடை", அவள் என்னுடையவள். எல்லோரையும் ஜெயித்தால் கடைசியில் ஒருவன் வருவான். தரையைத் தொடும் நரைமுடியோடு, கைகளைச் சட்டைக்குள் விட்டபடி, கால் தரையில் படாமல் நிற்பான். அவன் "வெள்ளச்சடையன்". அவனை எங்கள் இருவராலும் சாய்க்க முடிந்ததில்லை. பள்ளியில் நான் "உள்ளேன் ஐயா" சொன்னால் அடுத்த பெஞ்சுக்குக் கேட்காது. ஆனால் ரெட்டச்சடையாக இருக்கும்போது யாரையும் நேருக்கு நேர் நின்று உதைப்பேன்.

நான் குச்சுக்குள் போனதற்கு மறுநாள், சுவருக்கும் ஓலைக்கும் நடுவில் செல்வத்தின் குரல் கேட்டது.

"அக்கா, நீ சும்மாதான ஒக்காந்திருக்க. வெள்ளச்சடையன முடிச்சுக் குடு."

தீட்டுடா என்றேன்.

"பிளாஸ்டிக்குக்கு ஏதுக்கா தீட்டு? கண்டக்டரு பஸ்ஸுல எல்லார்ட்டயும் காசு வாங்குறாக. ஒவ்வொரு தடவையும் குளிச்சிட்டா வாங்குறாக?"

ஓலை இடுக்கு வழியாகப் பெட்டி உள்ளே வந்தது.

அந்தக் காலத்துப் பெட்டியின் திரையில் விளக்குக் கிடையாது, வெயில் பட்டால்தான் படம் தெரியும். ஓலையை விரலால் விலக்கி ஒரு கண் அளவு திறந்து வைத்துக்கொண்டு, அந்த வெளிச்சம் நகர நகர நானும் பாயோடு நகர்ந்தேன். சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட்டதால் வெளியே கேட்காது. ஆண்டிபட்டியிலிருந்து வந்திருந்த அத்தை, அப்பாவின் அக்கா, சோறு கொண்டுவரும் காலடி கேட்டால் பெட்டி பாய்க்கு அடியில் போய்விடும். அத்தைக்கு என் மேல் பிரியம் உண்டு, ஆனால் பிரியத்தையும் அதட்டலாகத்தான் சொல்லுவார். "வெளாட்டையெல்லாம் இத்தோட மூட்டை கட்டிரு ஆத்தா. தலைக்குத் தண்ணி ஊத்திட்டா நீயும் எங்கள மாதிரிதான்" என்று ஒவ்வொரு வேளைச் சோற்றோடும் சொல்லிவிட்டுப் போவார். அதனால் வெள்ளச்சடையனைச் சாய்ப்பதென்றால் குச்சு நிற்கும்போதே சாய்த்தாக வேண்டும், பிறகு எனக்கு விளையாட்டே இல்லை என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

சடங்கன்று விடிந்ததும் கடைசியாக ஒரு முறை தொடங்கினேன். நடுவில் அணைத்தால் மறுபடி முதல் ஆளிலிருந்து வர வேண்டும். பேட்டரி தீரப் போகிறது என்பதற்கு அடையாளமாகச் சிவப்பு விளக்கு மங்கிக்கொண்டே வந்தது. ஒவ்வொருவராக விழுந்து, வெள்ளச்சடையன் வந்தான். என் கட்டைவிரல் வியர்த்து வழுக்கியது, பாவாடையில் துடைக்க நேரமில்லை. திரையின் மேலே இருக்கும் "உசுருக் கோடு" அவனுக்கு நூலளவுக்குச் சுருங்கிவிட்டது, எனக்கும் அதிகம் இல்லை. அப்போது குச்சு வாசலில் காவலுக்குக் குறுக்கே போட்டிருந்த உலக்கையை யாரோ நகர்த்தும் சத்தம். ஆட்டத்தை அப்படியே நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன். இன்றைக்குப் பாயையும் எடுத்துவிடுவார்கள் என்று தோன்றவே, பெட்டியைக் குச்சின் ஒரு பக்கத்து ஓலையின் இரண்டு அடுக்குக்கு நடுவில் செருகினேன். குச்சையே எரிப்பார்கள் என்பது அந்த அவசரத்தில் நினைவுக்கு வரவில்லை.

"எந்திரி ஆத்தா, பொழுதாகிப் போச்சு" என்று அத்தை கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனார்.

தண்ணீர் ஊற்றினார்கள், புதுச்சேலையைச் சுற்றினார்கள். அதற்குள் மாமா குச்சைப் பிரிக்கத் தொடங்கிவிட்டார். நான் செருகிய பக்கத்தை அவர் முழுதாகச் சாய்த்து, மற்ற ஓலைகளின் மேல் போட்டார். பெட்டி கீழே விழவில்லை. கூட்டத்துக்குப் பின்னால் மதில்மேல் உட்கார்ந்திருந்த செல்வம், எங்கே என்று தாடையால் கேட்டான். ஓலைக் குவியலைக் கண்ணால் காட்டினேன். அவன் முகம் சுருங்கிப்போனது. வாயைத் திறந்தால், குச்சுக்கிட்டே வந்தது தெரிந்து அப்பா தோலை உரித்துவிடுவார். அவன் பேச மாட்டான் என்று எனக்குப் புரிந்தது.

மாமா வைக்கோலை முறுக்கிப் பற்ற வைத்துக் குனிந்தார்.

"மாமா, நிப்பாட்டுங்க."

நான்தான் கத்தினேன். வாசல் பந்தலில் இருந்த ஆண்கள்கூட எழுந்துவிட்டார்கள் என்று பிறகு சொன்னார்கள். மாமா எரிகிற வைக்கோலோடு அப்படியே நின்றார். மாமன் கட்டிய குச்சைப் பிரிய மனசில்லை போல என்று யாரோ சொல்ல, பெண்கள் சிரித்தார்கள். நான் சிரிக்காமல் ஓலையைக் கைநீட்டிக் காட்டவே அம்மா வந்து கீற்றைத் தூக்கினார். சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"இது எப்புடி இங்கன வந்துச்சு?" என்றார் அத்தை. "சரி, வந்தது வந்துருச்சு. தட்டோட சேத்து இதையும் தண்ணியில முக்கு."

மஞ்சள் தண்ணீர் அண்டா பக்கத்திலேயே இருந்தது. அம்மா பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மதில்மேல் இருந்தவனையும் பார்த்தார். பிறகு விரல் நுனியை மட்டும் அண்டாவில் நனைத்துப் பெட்டியின் மேல் உதறினார்.

"தெளிச்சாச்சு மதினி. தீட்டுப் போச்சு." செல்வத்தைக் கூப்பிட்டு அவன் கையில் கொடுத்தார். "இனிமே ஒஞ்சாமான ஒங்கிட்டயே வச்சுக்க."

என்னை நாற்காலியில் உட்கார வைத்துக் கன்னத்தில் சந்தனம் பூசிக்கொண்டிருந்தபோது, மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து செல்வம் கூச்சலிடுவது கேட்டது. "சாச்சுட்டேன்! வெள்ளச்சடையன ஒரே ஒதையில சாச்சுட்டேன்!" நிறுத்தி வைத்திருந்த ஆட்டத்தை அவன் தொடர்ந்திருக்கிறான். நான் எழுந்து ஓடிப் பார்க்க நினைத்தேன். மடி நிறையத் தேங்காயும் பழமும் இருந்தன.

இப்போது எங்கள் பக்கம் சடங்கெல்லாம் மண்டபத்தில்தான். குச்சு என்று பெயருக்குப் பிளாஸ்டிக் இலை வைத்த ஒரு கூண்டு வாடகைக்கு வருகிறது. முடிந்ததும் அதை மடித்து வேனில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். அம்மாவும் இல்லை, அத்தையும் இல்லை. பேட்டரி கசிந்து பச்சை பூத்துப்போன அந்தப் பெட்டியை ஒரு பொங்கலுக்கு வீடு ஒதுக்கும்போது பழைய பிளாஸ்டிக்கோடு சேர்த்துப் போட்டுவிட்டார்கள்.

தேனியில் செல்வத்தின் வீட்டுக்குப் போனால், பிள்ளைகள் செல்போனில் சண்டை விளையாடிக்கொண்டிருப்பார்கள். அவன் அவர்களிடம் வெள்ளச்சடையன் கதையைத் தொடங்கிவிடுவான். அவன் பொய் சொல்லவில்லை, அவன் கையில் நடந்தது அவ்வளவுதான். அப்பா அளக்கிறார் என்று நினைத்துப் பிள்ளைகள் என் பக்கம் திரும்புவார்கள்.

"நெசமாவா அத்தை? ஒரே ஒதையிலயா?"

"நெசந்தான். ஒரே ஒதைதான்" என்பேன்.