ஏழாவது பதில்

என் அக்கா எழுதிய புத்தகங்கள் நான்கு. அவற்றைக் கண்டித்து வந்த கடிதங்களில் என் கோப்பில் இருப்பவை மட்டும் முப்பத்தேழு. அவள் ஒருமுறை படித்துவிட்டுத் தூக்கிப் போடுவாள். நான் எடுத்து எண் போட்டு வைப்பேன். நாளைக்கு யாராவது கேட்டால் என்ன செய்வது என்ற கவலை. கன்னியர் மடத்தில் ஒன்பது வருடம் இருந்து, வெளியேறி, தத்துவம் படித்து, வெளிநாட்டில் இறையியல் பேராசிரியராக இருந்தவள் அவள். கடவுளிடம் பேசும் உரிமை ஆண்களுக்கு மட்டும் எப்படி வந்தது என்று ஆயுள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பவள்.

போன மாதம் ஈப்போவில் ஒரு மண்டபத்தில் பேசினாள். கேட்க வந்தவர்கள் என்னைச் சேர்த்து அறுபத்திரண்டு பேர். முடிவில் ஓர் இளம்பெண் எழுந்து, "இதெல்லாம் உங்களுக்கு எங்க ஆரம்பிச்சது மேடம்?" என்று கேட்டாள். அது எங்கே ஆரம்பித்தது என்று அந்த மண்டபத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும்.

சுங்காய் என்ற ஊருக்குப் பக்கத்தில், இப்போது எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டமாகிவிட்ட ஒரு ரப்பர் தோட்டம். அங்கே தகரக் கூரை போட்ட சின்னக் கோயில்; பெஞ்சுகள் எட்டு. மாதம் ஒருமுறை பிரெஞ்சுக்காரச் சாமியார் வந்து பூசை வைப்பார். அப்போது பூசை லத்தீனில். சாமியார் ஒரு வரி சொன்னால், பீடத்தருகே மண்டியிட்டிருக்கும் பையன் ஒரு வரி பதில் சொல்ல வேண்டும். மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. பெண்கள் முக்காட்டோடு கிராதிக்கு இந்தப் பக்கமே நிற்க வேண்டும். பீடத்து விரிப்பைத் துவைத்துக் கஞ்சி போட்டுக் கொடுப்பது மட்டும் அக்காவின் வேலை.

எனக்கு ஒன்பது வயது, அவளுக்குப் பன்னிரண்டு. ஆறாம் வகுப்போடு அவள் படிப்பு நின்று, அம்மாவோடு காட்டுக்குப் போய் மங்கு துடைத்துக்கொண்டிருந்தாள். பால் வடியும் கிண்ணத்தை நாங்கள் மங்கு என்போம். அந்த மாதம் சாமியார், தோட்டத்துப் பிள்ளை ஒன்றுக்கு ஈப்போவில் விடுதியோடு மிஷன் பள்ளியில் இடம் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். அடுத்த பூசையில் நான் பதில் சொல்வதைப் பார்த்து முடிவு செய்வாராம். வீடே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சாமியார் இல்லாத நாட்களில் கோயிலைப் பார்த்துக்கொண்டு எங்களுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுக்கும் உபதேசியார், லத்தீனைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தார். நான் ஒவ்வொரு பதிலுக்கும் எண் போட்டேன். ஒன்று முடிந்தால் இரண்டு, இரண்டு முடிந்தால் மூன்று. சாமியார் என்ன சொல்கிறார் என்று கேட்கவே தேவையில்லை. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். மங்கு துடைத்துக்கொண்டே அக்கா ஒப்பிக்க வைப்பாள். அதோடு விடாமல் உபதேசியாரிடம் போய் ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் கேட்பாள்.

"அர்த்தம் ஒனக்கு எதுக்குலா? நீயா பூச வைக்கப் போற?"

"கடவுளுக்கு மட்டும் தெரிஞ்சாப் போதுமாய்யா? பேசுறவனுக்குத் தெரிய வேணாமா?"

"இவளக் கட்டிக்கிட்டுப் போறவன் பாவம்," என்று அவர் தலையில் அடித்துக்கொண்டு, தெரிந்தவரை சொல்லிக் கொடுத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, இறந்துபோன பெரியப்பாவுக்கு முப்பதாம் நாள். சாமியார் கறுப்பு அங்கியில் வந்தார். சாவுப் பூசையில் தொடக்கச் சங்கீதத்தை விட்டுவிடுவார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அதாவது இரண்டு முதல் ஆறு வரை என் ஐந்து பதில்கள் காணாமல் போய்விட்டன. ஒன்றைச் சொன்னேன். சாமியார் அடுத்த வரியைச் சொல்ல, நான் தைரியமாக இரண்டாவதைச் சொன்னேன். அவர் அந்த வரியை மறுபடியும் சொன்னார். நான் மறுபடியும் இரண்டைச் சொன்னேன். அவர் நிறுத்திவிட்டார். ஈப்போ போச்சு என்று நினைத்தேன்.

பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல், லத்தீனில், அவசரமில்லாமல் பதில் சொன்னது. அது ஏழாவது.

சாமியாரின் தலை கொஞ்சம் திரும்பியது. பிறகு பூசையைத் தொடர்ந்தார். எனக்கு இடம் பிடிபட்டுவிட்டது. எட்டிலிருந்து கடைசிவரை தவறில்லாமல் சொன்னேன்.

பூசை முடிந்து வெளியே எங்கள் குடும்பத்தை நிறுத்தினார். அப்பா கை கட்டி நின்றார். உபதேசியார் தூணாகிவிட்டார்.

"நடுவில் பதில் உரைத்தது யார்?" சாமியாரின் தமிழ் எப்போதும் புத்தகத் தமிழ்.

"நான்தான் சாமி," என்றேன். எப்படி வாயில் வந்ததோ.

"உன் குரலா அது?"

நான் விழிப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "தம்பிதான் சாமி. தொண்ட கட்டிருக்கு. அப்பப்ப கீச்சுனு போயிரும்."

அம்மா முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டார். சாமியார் சிரிக்கவில்லை.

"நல்லது. அந்தப் பதிலின் பொருள் என்ன?"

எனக்கு எண்தான் தெரியும், பொருள் தெரியாது. தரையைப் பார்த்துக்கொண்டு மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன். பயம் வந்தால் நான் செய்வது அதுதான். அக்கா அப்பாவின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொன்று வந்தபோது சாமியார் பெருமூச்சு விட்டுக் குறிப்பேட்டைத் திறந்து என் பெயரை எழுதினார். பொருள் தெரியாதது குற்றமில்லை போலும் என்று எனக்கு ஒரே நிம்மதி.

வீட்டுக்குத் திரும்பும்போது, "பூசையில எதுக்கு வாயத் தொறந்த? மாட்டிருந்தா?" என்று அவளிடம் எரிந்து விழுந்தேன்.

"யாராச்சும் பதில் சொல்லணும்ல? பெரியப்பா எவ்வளவு நேரம் காத்திருப்பாரு?" என்றாள்.

ஈப்போ மண்டபத்தில் அவள் அந்தப் பெண்ணுக்குச் சொன்ன பதில் இவ்வளவுதான்: "சின்ன வயசுல ஒரு சாமியார் ஒரு கேள்வி கேட்டாரு. பதில் தெரிஞ்சும் பேசாம நின்னேன். அங்கதான்மா." சொல்லும்போது அவள் என் பக்கம் திரும்பவில்லை.

வானத்தையும் பூமியையும் படைத்தவர். அந்தப் பதிலின் பொருள் அவ்வளவுதான். உபதேசியாரிடம் அவள் கேட்டுத் தெரிந்துகொண்ட முதல் வரிகளில் ஒன்று. அன்று குனிந்த தலையோடு பதினொன்றுவரை எண்ணிய எனக்கு, சாமியார் அத்தனை நேரமும் யாருடைய முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார் என்பது தெரியவில்லை.