கோடிச் சேலைக்குச் சாயம்

முத்துப்பேச்சி எதற்கும் பயப்படுகிற பெண் அல்ல. மிளகாய்க் காட்டில் பாம்பு வந்தபோது ஆண்பிள்ளைகள் கம்பு தேடிக்கொண்டிருக்க, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் போனவள். அப்பேர்ப்பட்டவள் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒரு வெள்ளைப் புடவையைக் கையில் வைத்துக்கொண்டு, தன் வீட்டுக் கொல்லையிலேயே திருட வந்தவள் போல நாலு பக்கமும் பார்த்தாள்.

அவளுக்கு அருப்புக்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கும் வேலை. திருச்சுழிப் பக்கத்து ஊரிலிருந்து விடிகாலை பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் திரும்புவாள். வெயிலில் காயாமல், இடுப்பொடிய விறகு வெட்டாமல் கிடைத்த முதல் வேலை. புருஷன் மஞ்சள்காமாலையில் போய் மூன்று வருஷமாக அவளைத் தாங்குவது அதுதான். போன வெள்ளிக்கிழமை புதிதாக வந்த காண்ட்ராக்ட்காரன் எல்லோரையும் வரிசையாக நிறுத்தினான்.

"திங்கக்கெழமையில இருந்து மெரூன் சேல. ஒரே கலரு. இல்லாதவுக வீட்டுலயே இருந்துக்கங்க."

"கம்பெனியில குடுப்பீகளா சார்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"வரும்போது வரும்."

அது எப்போது வரும் என்று அவனுக்கே தெரியாது. ஆனால் வேலை கேட்டு வாசலில் நிற்கிறவர்கள் எத்தனை பேர் என்று முத்துப்பேச்சிக்குத் தெரியும். மாசக் கடைசி, கையில் சல்லிக்காசு இல்லை. புதுச் சேலைக்கு வழியில்லாதவள் சாயக்கடைக்குப் போனாள்.

"நூல் சேலையாம்மா? பாலிஸ்டர்னா சாயம் ஏறாது. தாய்மாமன் வந்து கால்ல விழுந்தாலும் ஏறாது," என்றார் கடைக்காரர்.

"நூலுதாண்ணே," என்று சொல்லிவிட்டு பாக்கெட்டை வாங்கிக்கொண்டாள். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் யோசித்தாள். கட்டுகிற சேலை அத்தனையும் பளபளவென்று நைலான் கலந்தவை. பெட்டியில் இருந்த நூல் சேலை ஒன்றே ஒன்று. அது கோடிச் சேலை.

புருஷன் கருமாதியன்று பிறந்த வீட்டார் எடுத்து வந்து தோளில் போடுவதுதான் கோடி. முத்துப்பேச்சிக்கு அதைக் கொண்டுவந்து போட்டவன் அவளுடைய அண்ணன் பால்பாண்டி. அன்று ஒருநாள் கட்டினாள், துவைத்தாள், மடித்து வைத்தாள். அவர்கள் வீட்டு வழக்கத்தில் அந்தச் சேலையைக் கிழியக் கிழியக் கட்டலாம், வீடு துடைக்கக்கூட எடுக்கலாம். நிறம் மட்டும் மாற்றக் கூடாது. மாற்றினால் பிறந்த வீட்டுக்கு ஆகாது என்பார்கள். அண்ணன் மகள் சுகப்பிரியாவுக்கு வைகாசியில் கல்யாணம் வைத்திருக்கிற நேரம் வேறு.

சனிக்கிழமை ராத்திரி முழுக்கப் புரண்டாள். விடிந்ததும் எழுந்து அடுப்பு மூட்டினாள்.

முதலில் ஒரு பழைய ரவிக்கைத் துணியைப் போட்டுப் பார்த்தாள். ஒரு கை கல் உப்புப் போடச் சொல்லியிருந்தார் கடைக்காரர். 'நம்ம ஊர் போர்த் தண்ணியே வாயில வைக்க விளங்காத உப்பு, அதுல போயி தனியா உப்பு எதுக்கு?' என்று இவளாகவே ஒரு கணக்குப் போட்டாள். துணி திட்டுத்திட்டாகச் செங்கல் பொடி நிறத்தில் வந்தது. பாதிப் பொடி வீண்.

மிச்சம் இருப்பது பாதி பாக்கெட். இரண்டு குடம் நல்ல தண்ணீர், அதுவும் குடிக்கப் பிடித்து வைத்தது. லாரி இனி செவ்வாய்க்கிழமைதான் வரும். மறுபடி தப்பினால் வேலையும் போச்சு, கோடியும் போச்சு. இரண்டு குடத்தையும் அண்டாவில் கவிழ்த்தாள், சொன்னபடி உப்பைப் போட்டாள். கொதி வந்ததும் சேலையை நனைத்து உள்ளே இறக்கினாள். முக்கால் மணி நேரம் கை நிறுத்தாமல் கிண்ட வேண்டும். நிறுத்தினால் மடிப்பு மடிப்பாக வெளுப்பு நிற்கும்.

பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. வாசலில் குரல் கேட்டது.

"ஏத்தா, முத்துப்பேச்சி!"

அண்ணன். பரளச்சியிலிருந்து வந்திருக்கிறான்.

"வாங்கண்ணே! உக்காருங்க, இந்தா வாரேன்!"

"தாம்பாளத்த எடுத்துட்டு வா. பத்திரிக்க வைக்க வந்திருக்கேன். மொதப் பத்திரிக்க ஒனக்குத்தான்."

கை கிண்டிக்கொண்டே இருந்தது. போகவும் முடியாது, இருக்கவும் முடியாது. "அடுப்புல வேலயா இருக்கேண்ணே, செத்த நேரம்!" என்று கத்தினாள். செத்த நேரம் என்று சொன்னால் நம்புகிற அண்ணனா அவன்? சின்ன வயதிலேயே, சொல்லாததைத் தேடிப் போய்ப் பார்க்கிறவன். கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டான்.

அண்டாவில் சிவப்பாகக் கொதித்தது. குச்சி நுனியில் ஏறி இறங்கிய துணியின் கரையில் ஒற்றை நீலக் கோடு. கோ-ஆப்டெக்ஸில் அவனே தேர்ந்தெடுத்த கரை.

"அது கோடியில்ல?"

அவள் குச்சியால் கரையை உள்ளே அமுக்கினாள்.

"கேக்குறேன்ல. நான் போட்ட கோடிதான அது?"

"ஆமாண்ணே. ஆஸ்பத்திரியில மெரூன் சேல கட்டணுமாம். ஏங்கிட்ட இருக்க நூல் சேல இது ஒண்ணுதான்."

பால்பாண்டியின் முகம் கறுத்தது. "வீட்டுல கல்யாணத்த வச்சுக்கிட்டு இருக்கேன். ஒனக்கு வேற சேலையே கெடைக்கலையா? எடு வெளிய."

"இப்ப எடுத்தா திட்டாயிரும்ணே."

"எம் பிள்ளைக்கு ஒண்ணு ஆனா நீ வந்து பாப்பியா? எடுங்கிறேன்!"

அவள் கிண்டினாள். அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். துணி துவைக்க வைத்திருந்த போர்த் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுப்பை நோக்கி வந்தான். முத்துப்பேச்சி நகர்ந்து அடுப்புக்கும் அவனுக்கும் நடுவில் நின்றாள். முதுகில் அனல் அடித்தது. குச்சியைப் பின்னால் நீட்டிக் கிண்டிக்கொண்டேதான் பேசினாள்.

"ஊத்துங்கண்ணே. எம்மேல ஊத்திட்டு அப்பறம் அடுப்புல ஊத்துங்க. சுகப்பிரியா நல்லாருக்கணும்னு நான் கும்பிடாத சாமி இல்ல. ஆனா நாளைக்கு என்னிய வெளிய போகச் சொன்னா எனக்கு யாரு இருக்கா? நீங்க மாசாமாசம் வந்து அரிசி போடுவீகளா?"

அவனுடைய அரிசியே ரேஷன் அரிசிதான். வாளியை டங்கென்று கீழே வைத்தான். தண்ணீர் தளும்பி அவன் வேட்டியை நனைத்தது. பழமும் வெற்றிலையும் பத்திரிகையும் இருந்த பையை எடுத்துக்கொண்டு வாசல் வழியே போய்விட்டான்.

அவள் அழுதாள். அழுதுகொண்டே கிண்டினாள். பிறந்த வீட்டுப் பத்திரிகை வாசல் வரை வந்து திரும்பிப் போனதை நினைக்க நினைக்க ஆறவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து எடுத்து, அலசி, நிழலில் விரித்தாள். ஒரு திட்டு இல்லை. அதைப் பார்த்துச் சந்தோஷப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

திங்கட்கிழமை வரிசையில் நின்றபோது காண்ட்ராக்ட்காரன் அவள் முன்னால் மட்டும் கொஞ்சம் நின்றான். முந்தானையை உற்றுப் பார்த்தான்.

"கரை வேற மாதிரி இருக்கு."

"கலரு அதுதான் சார்."

"ம். போ, போயி மாடிப்படியத் தொட."

வேலை நிலைத்தது. ஊர்க்காரி ஒருத்தி பஸ்ஸில் வைத்து, பால்பாண்டி வீட்டுக் கல்யாணப் பத்திரிகை அடித்து வந்துவிட்டதாமே, உனக்கு வைத்தார்களா என்று கேட்டாள். முத்துப்பேச்சி தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டாள்.

புதன்கிழமை மத்தியானம், அவள் சீட்டு எழுதும் இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, ஈரத்தில் மிதிக்காமல் ஓரமாக ஒரு ஆள் வந்து நின்றான். நிமிர்ந்தாள். பால்பாண்டி. கையில் புது எவர்சில்வர் தட்டு. தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், குங்குமம் தடவிய பத்திரிகை.

"மூணு நாளா சோறு எறங்கல," என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு. "நீ கேட்டது காதுலயே நிக்குது. பிரியாவும், அத்தைக்கு வைக்காம யாருக்கும் வைக்கக் கூடாதுன்னு சண்ட போடுது. இதப் பிடி."

வரிசையில் இருந்த சனம் எல்லாம் வேடிக்கை பார்த்தது. முத்துப்பேச்சி மாப்புக் கட்டையைச் சுவரில் சாய்த்தாள். அவள் மேல் கிடந்தது அந்தச் சேலைதான். அவன் அதைக் கவனிக்காமல் பத்திரிகை வைத்துவிடக் கூடாதே என்று பயந்தாள்.

"அண்ணே, நான் கட்டிருக்கிறது அதுதான்."

"தெரியும்."

"கையெல்லாம் பினாயிலு."

பால்பாண்டி நிமிர்ந்து, சேலையின் நீலக் கரையை ஒருமுறை நன்றாகப் பார்த்தான்.

"கை ஈரம்னா என்ன? முந்தானைய ஏந்து, தாயி," என்றான்.

அவள் முந்தானையை விரித்து ஏந்தினாள். அவன் குனிந்து, வெற்றிலையையும் பழத்தையும் பத்திரிகையையும் ஒவ்வொன்றாக அதில் எடுத்து வைத்தான்.