பச்சைப் புள்ளி

எல்லையில் சண்டை மூளும் போலிருந்த வாரம் அது. தொலைக்காட்சியில் நான்கு பேர் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவது ஆளாக நானும் எங்கள் அம்பத்தூர் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில், 'இந்த முறை ஒரே அடியாக முடித்துவிட வேண்டும்' என்று எழுதினேன். இரண்டு மாடி ஏறினாலே நாற்காலி தேடுகிறவன் போட்ட போர்த்திட்டம். பதினேழு கட்டைவிரல்கள் உயர்ந்தன.

கல்லூரியில் படிக்கும் மகள் ஹெட்செட் மாட்டி, கைபேசியில் துப்பாக்கிச் சண்டை ஆடிக்கொண்டிருந்தாள். "செத்தா இன்னா மச்சி, அடுத்த ரவுண்டுல வந்துடலாம்" என்று யாரையோ தேற்றினாள்.

அப்போது எதிர்வீட்டு அக்கா வந்தார். ஆவடியில் ராணுவச் சீருடை தைக்கும் வேலை. எல்லையில் இருக்கும் அவர் மகனிடமிருந்து நான்கு நாளாகப் போன் இல்லை.

"பாப்பா, நீங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே ஆடுவீங்க? அவன் உள்ள வந்தா தெரியுமாமே?"

மகள் நண்பர் பட்டியலைக் காட்டினாள். அவன் பெயரருகே சாம்பல் புள்ளி. "வந்தா பச்சையாயிடும் ஆன்ட்டி."

தொலைக்காட்சியை அணைத்தேன். அடுத்த மூன்று நாளும் அக்கா வேலை விட்டு நேராக, தோள்பையைக்கூட இறக்காமல் எங்கள் சோபாவில் வந்து உட்கார்ந்தார். மகள் ஆடவில்லை, புள்ளியையே பார்த்தாள். நான் என் வீர வாக்கியத்தை அழிக்கப் பார்த்தேன். எல்லார் போனிலிருந்தும் அழிக்கும் கெடு தாண்டியிருந்தது.

நான்காம் நாள் மாலை புள்ளி பச்சையானது.

"அவந்தானான்னு கேளு! வேற எவனாச்சும் நோண்டிகினு இருக்கப் போறான்."

மகள் கேட்டாள். பதில் வந்தது: 'நான்தான். என் செல் உடைஞ்சிட்ச்சு. இது ஃபிரண்டோடது. அம்மா நம்பர் ஞாபகம் இல்ல, அனுப்பு.'

விளையாட்டின் பாஸ்வேர்டு நினைவிருக்கிறது. பெற்றவளின் எண் இல்லை. மகள் எண்ணை அனுப்பியதும் புள்ளி சாம்பலானது. அக்காவின் கைபேசியை மூவரும் முறைத்தோம். கடைசியில் அடித்தது.

"டேய் நைனா! ... இன்னா, பட்டனு பிஞ்சிகினு வருதா? நான் தெக்கறது பேன்ட்டுடா, பட்டனு வேற செக்‌ஷன்!" சிரித்தார், கண்ணைத் துடைத்தார். அதற்குள் இணைப்பு அறுந்தது.

வாசலில் செருப்பை மாட்டியவர் திரும்பினார்.

"சார், ஒரே அடியா முடிச்சுடணும்னு குரூப்ல போட்டீங்களே. எப்ப முடியும்?"

கிண்டலில்லை. எனக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பித்தான் கேட்டார். மகளும் கைபேசியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.