வட்டமும் கட்டமும்

என் கணவர் கணக்குப் போட உட்கார்ந்தால் பக்கத்தில் ஒரு காபி டம்ளர் வேண்டும். குடிப்பதற்கு அல்ல, கவிழ்த்து வைத்து வட்டம் போடுவதற்கு.

ஓர் அலுவலகத்தில் நூறு பேர். அறுபது பேர் காபி குடிக்கிறார்கள், ஐம்பது பேர் டீ குடிக்கிறார்கள், இருபது பேர் இரண்டையும் தொடுவதில்லை. இரண்டும் குடிப்பவர்கள் எத்தனை பேர்? இந்தக் கேள்வி வந்தால் போதும், மனிதர் டம்ளரைத் துடைப்பார். ஒரு வட்டம் போடுவார். டம்ளரைக் கொஞ்சம் நகர்த்தி இன்னொரு வட்டம். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இடத்தில் பென்சிலால் சாய்கோடு இழுப்பார். அதற்குள் நான் விடையைச் சொல்லிவிட்டு குக்கரையும் இறக்கியிருப்பேன்.

என் வழி கட்டம். மேலே காபி உண்டு, காபி இல்லை. பக்கவாட்டில் டீ உண்டு, டீ இல்லை. காபி வேண்டாதவர்கள் நாற்பது, அதில் இருபது பேருக்கு டீயும் வேண்டாம், மீதி இருபது பேர் டீ மட்டும். டீக்காரர்கள் ஐம்பதில் அந்த இருபதைக் கழித்தால் முப்பது. அவ்வளவுதான்.

"ஏன்னா, பரீட்சைல டம்ளர் கொண்டுபோக விடமாட்டா கேட்டேளா," என்பேன்.

"நீ பேசாம இருடீ. எனக்குக் கண்ணால பாத்தாத்தான் புரியும்."

சிரிப்பாக இருந்தாலும் விஷயம் சிரிப்பல்ல. நிர்வாகப் படிப்புக்கான நுழைவுத்தேர்வை இருவருமே எழுதப்போகிறோம், ஆனால் படிக்கப்போவது ஒருவர்தான். வகுப்பு சனி, ஞாயிறு விடுமுறை நாட்களில். எல்.கே.ஜி. படிக்கும் மகளைப் பார்த்துக்கொள்ள கரமனை என்ற இந்த மலையாளத்து ஊரில் எங்களுக்கு வேறு ஆளில்லை. ஆகவே ஒப்பந்தம்: யாருக்கு மதிப்பெண் அதிகமோ அவர் கல்லூரிக்கு, மற்றவர் குழந்தையோடு வீட்டில். எனக்குக் கீழே வேலைக்குச் சேர்ந்த பையன்கள் அந்தப் பட்டத்தைக் காட்டி எனக்கு மேலே போய் உட்கார்ந்திருந்தார்கள். அந்த இடம் எனக்கு வேண்டும். டம்ளர் வைத்து வட்டம் போடுகிறவரிடம் தோற்கப்போகிறேனா என்ன என்று இறுமாந்திருந்தேன். பரீட்சை முடிந்ததும் பொன்முடி மலைக்குக் கூட்டிப்போவதாக மகளுக்குச் சொல்லிவைத்திருந்தோம்.

தேர்வில் அந்தக் கேள்வி வந்தது. ஒரு குடியிருப்பில் நூறு குடும்பங்கள். எழுபது குடும்பங்கள் ஓணம் கொண்டாடுகின்றன, எண்பது குடும்பங்கள் தீபாவளி கொண்டாடுகின்றன, பதினைந்து குடும்பங்கள் இரண்டையும் கொண்டாடுவதில்லை. எனக்கு உள்ளூரக் குதூகலம். எங்கள் அக்கிரகாரத்தில் ஓணத்துக்கு வாசலில் பூக்களம் போடாத வீடு கிடையாது, தீபாவளிக்கு லேகியம் கிளறாத வீடும் கிடையாது. ஓணத்து அடைப்பிரதமன் பாயசமும் வேண்டாம், தீபாவளி அதிரசமும் வேண்டாம் என்று ஒரு குடும்பம் இருக்குமா? அந்தப் பதினைந்து என் கண்ணில் பட்டது, மண்டையில் ஏறவில்லை. கட்டம்கூடப் போடவில்லை. எழுபதும் எண்பதும் நூற்றைம்பது, நூறு போனால் ஐம்பது. விடைகளில் ஐம்பதும் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. தட்டிவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

சரியான விடை அறுபத்தைந்து. விடைக்குறிப்பு இணையத்தில் வந்த அன்று தெரிந்தது. அவர் அங்கே சில்லறைக் காசை வைத்து வட்டம் போட்டு, வட்டத்துக்கு வெளியே பதினைந்து என்று எழுதியும் வைத்திருக்கிறார்! இருவரும் தேறிவிட்டோம். அவர் என்னைவிட அந்த ஒரு கேள்வி அளவுக்கு அதிகம்.

எனக்கு வந்த கோபத்தில் டம்ளரை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன். அவர் வாய்விட்டுச் சிரித்திருந்தால்கூடத் தேவலை. "வேணும்னா நீ போயேன்," என்றார். அதுதான் இன்னும் எரிந்தது. பிச்சை போட்ட இடம் எனக்கு வேண்டாம் என்று கத்தினேன். கத்திவிட்டு, அவர் சேரும் நாளில், மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு நானும் கூடவே போனேன். ஏதாவது குற்றம் கண்டுபிடிக்கலாமே என்றுதான்.

கல்லூரி அலுவலகத்தில் இருந்த அம்மாள் தலை நிமிராமல் கேட்டார். "சனியாழ்ச்ச பேட்ச்சோ, ஞாயறாழ்ச்ச பேட்ச்சோ?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். சனிக்கு ஒன்று, ஞாயிறுக்கு ஒன்று என்று இரண்டு பிரிவு உண்டென்று யாருக்குத் தெரியும்! அவர் கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையிலேயே பேனாவால் கட்டம் போட்டேன்.

"கூசறதுடீ."

"அனங்காம, ஆடாம நில்லுங்கோ!"

அவர் வீட்டில் உண்டு, இல்லை. நான் வீட்டில் உண்டு, இல்லை. அடிபட்ட புத்தி, இந்தமுறை 'இரண்டும் இல்லை' கட்டத்தைத்தான் முதலில் நிரப்பினேன். அவர் சனிக்கிழமை, நான் ஞாயிற்றுக்கிழமை. இருவரும் வீட்டில் இல்லாத விடுமுறை நாள்: பூஜ்யம். குழந்தை தனியாக இருக்க வேண்டியதே இல்லை. "ரெண்டு பேரும் சேர்றோம்," என்று அந்த அம்மாளிடம் நான் கூவியதில் வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மலையாளத்தில் சொல்லக்கூட மறந்துவிட்டேன்.

தம்பானூரில் பஸ் ஏறி உட்காரும்வரை நான் பேசிக்கொண்டே வந்தேன். வட்டம் பெரிதா, கட்டம் பெரிதா என்று கேட்டு அவரைக் குத்தினேன். அவர் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை என் மடியில் விரித்து வைத்தார். ஒரு கட்டத்தில் நான் எதுவும் எழுதியிருக்கவில்லை. இருவரும் வீட்டில் இருக்கும் விடுமுறை நாள்.

பேனாவை எடுத்து அதிலும் பூஜ்யம் போட்டார். ரொம்பப் பொறுமையாக, வட்டமாகவே போட்டார்.

"இனி ரெண்டு வருஷத்துக்கு," என்றார். "பொன்முடிக்கு எப்போடீ போறது?"

எந்தக் கணக்குக்கும் அரை நிமிஷம் போதும் என்று பீற்றிக்கொள்கிறவள் நான். கரமனை ஸ்டாப் வந்து இறங்கும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு அந்த நாலு கட்டத்தையும் திரும்பத் திரும்பக் கூட்டிப்பார்த்தேன்.