எலி இல்லாத அரிசிக்கடை

எங்கள் கடைவீதியில் அரிசிக்கடைகள் பல. எலி இருக்கும் கடை ஒன்றுகூட இல்லை. யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். மிஞ்சிப்போனால் குரலைத் தாழ்த்தி, "எங்கட கடையிலயா? பக்கத்துக் கடையில வேணுமெண்டா இரிக்கும்" என்பார்கள். எல்லோருக்கும் பக்கத்துக் கடை ஒன்று உண்டு. அப்படியானால் இத்தனை எலிகளும் எங்கேதான் குடியிருந்தன என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம்.

என் கணவருடையதும் அப்படிப்பட்ட ஒரு கடைதான். காலையில் முதல் வேலையாகப் புழுக்கையைக் கூட்டி அள்ளுவார். அதற்குப் பிறகுதான் முன்கதவைத் திறப்பார். கடைக்கு ஒரு பூனையும் இருந்தது. மீன் சந்தையிலிருந்து நாள் தவறாமல் சூரைத்தலை வந்ததால், எலியைக் கண்டால் அது கொட்டாவி விடும். நான் ஏதும் சொல்வதில்லை. வீடு என் சீதனம், கடை இவருடையது. வீட்டில் என் சொல்லும் கடையில் இவர் சொல்லும் என்று எழுதாத ஒப்பந்தம்.

கடைகளுக்குப் பின்னால் தோணா. மழைவெள்ளத்தைக் கடலுக்குக் கொண்டுபோக வேண்டிய வாய்க்கால் அது. ஆனால் தண்ணீரே தெரியாதபடி ஆற்றுவாழை என்ற மிதக்கும் களை மூடிக் கிடக்கும். ஊதாப்பூ பூத்தால் பார்க்க அழகுதான். அதற்கடியில் எலிகளின் ராச்சியம். எத்தனை தரம் வெட்டி அள்ளினாலும் அடுத்த மாரிக்குள் பழையபடி முளைத்து நிற்கும்.

அதை ஒழிக்க ஒருமுறை அதிகாரிகள் வந்தார்கள். போத்தல்களில் சின்னஞ்சிறு வண்டுகள். ஆற்றுவாழையை மட்டும் தின்னும், மெல்ல மெல்ல அதை அழிக்கும், நஞ்சே தேவையில்லை என்று விளக்கினார்கள். இவர் போத்தலைத் தூக்கிப் பார்த்தார். சிறிய உடம்பு, நீண்ட மூக்கு. அரிசி வியாபாரியின் கண்ணுக்கு அது அரிசிவண்டேதான்.

"இது அரிசியத் தின்னாதா?"

"தின்னாது. ஆற்றுவாழை இல்லையெண்டா பட்டினியில செத்துப் போகும்" என்றார் அதிகாரி.

"பசி வந்தா பத்தும் பறந்து போகும் எண்டுவாங்க. வண்டு மட்டும் பத்தியம் காக்குமாக்கும்!" என்றார் இவர். கடைவீதியே சிரித்தது. வீட்டுக்கு வந்து சொன்னபோது நானும் சிரித்தேன்.

வண்டுகளை விட்டார்கள். இலைகள் அரிபட்டுக் கருகத் தொடங்கியதும் இவருக்கு நித்திரை போய்விட்டது. இலையைத் தின்பவன் நாளைக்குச் சம்பாவைத் தின்ன மாட்டானா? இவரும் பக்கத்துக் கடைக்காரரும் வயலுக்கு மருந்தடிக்கும் டாங்கியை முதுகில் மாட்டிக்கொண்டு போய், தோணா முழுக்க அடித்துத் தீர்த்தார்கள். வண்டுகள் ஒழிந்தன. ஆற்றுவாழை தழைத்தது. அரிசியைக் காப்பாற்றிய வீரர்கள் என்று தேத்தண்ணிக் கடையில் இருவருக்கும் கொஞ்ச நாள் நல்ல மரியாதை.

அந்த மாரியில் போக வழியில்லாத தண்ணீர் கடைகளுக்குள் ஏறியது. இருவரும் சாரனை மடித்துக் கட்டி, வெறுங்காலோடு முழங்கால் தண்ணீரில் நின்று, ஒருவருக்கொருவர் கைகொடுத்து இரண்டு கடை மூட்டைகளையும் உயர்த்தினார்கள். எலிகளும் அதே தண்ணீரில்தான் நீந்தித் திரிந்தன. இவர் காலில் தகரம் வெட்டிய காயம் வேறு.

மழை விட்டுச் சில நாளில் இவருக்குக் காய்ச்சல் வந்தது. கண் சிவந்தது. கெண்டைக்காலைத் தொட்டால் கத்தினார். ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்டார்: "வயல் வேலையா? எலி திரியிற இடத்தில தண்ணிக்குள்ள நிண்டீங்களா?"

கட்டிலைச் சுற்றி வருத்தம் பார்க்க வந்தவர்கள். பாதிப் பேர் எங்கள் கடையில் அரிசி வாங்குகிறவர்கள். இவர் அந்தக் காய்ச்சலோடும் எழும்பி உட்கார்ந்தார். "எங்கட கடையில எலியே இல்ல டொக்டர். இது டெங்குதான்."

டெங்கு மரியாதையான வருத்தம். நுளம்பு யார் வீட்டுக்கும் வரும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எலிக்காய்ச்சல் என்றால் அரிசி வியாபாரி கடையைப் பூட்டிவிட்டு வேறு தொழில் பார்க்க வேண்டியதுதான். டொக்டரும் டெங்குவுக்கே இரத்தம் எடுத்தார். மறுநாள் இவருடைய கண் மஞ்சளானது, சலம் போவது குறைந்தது. எனக்குப் பயம் வந்தது. பயத்தைவிட ஆத்திரம் அதிகம். ஆள் போனபிறகு கடையின் பேரை வைத்து நான் என்ன செய்ய? வார்டு வீடுமல்ல, கடையுமல்ல. ஒப்பந்தம் அங்கே செல்லாது. டொக்டர் வந்ததும் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்:

"இரிக்கி டொக்டர். எங்கட கடையில பூனையளவு எலி இரிக்கி. வெள்ளத்தில அதுகளோடதான் இவர் தண்ணிக்குள்ள நிண்டவர்."

இவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மருந்து மாறியது. கிட்னி போய்விடுமோ என்று அழுத நாட்கள் கழிந்து ஆள் பிழைத்தார், அல்ஹம்துலில்லாஹ். தெளிந்ததும் என்னோடு கதைத்த முதல் கதை: "என்னக் காப்பாத்திட்டுக் கடைய மௌத்தாக்கிட்டியே புள்ள."

பொய்யில்லை. நான் வார்டில் சொன்னது இவருக்கு முன்பே கடைவீதிக்கு வந்து சேர்ந்திருந்தது. எங்கள் வாடிக்கையெல்லாம் பக்கத்துக் கடைக்குப் போனது. இரண்டு கடைக்கும் நடுவில் ஒரே சுவர், மேலே ஒரே கூரை. எங்கள் எலிகள் ஒழுக்கமானவை, எல்லை தாண்டாதவை என்று ஊர் நம்பியது.

கொஞ்ச நாளில் பக்கத்துக் கடைக்காரருக்கும் காய்ச்சல் வந்தது. குளிசையைப் போட்டுக்கொண்டு, கொத்தமல்லித் தண்ணீரைக் குடித்துக்கொண்டு கடையிலேயே இருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போனால் அந்தக் கேள்வியைக் கேட்பார்களே! இவர் போய், "இது எனக்கு வந்ததுதான் மச்சான், போய்க் காட்டுங்க" என்று கெஞ்சினார். "யாவாரம் போன எரிச்சல்ல கதைக்காதீங்க" என்று பதில் வந்தது. கடைசியில் மயங்கிய பிறகு கொண்டுபோனார்கள். உயிர் மிஞ்சவில்லை, மௌத்தானார்.

கணவனை இழந்தவர்கள் வீட்டுக்குள்ளேயே அடைந்திருக்கும் இத்தாவில் இருந்த அவருடைய மனைவியைப் பார்க்கப் போனேன். வெள்ளை உடுத்து அறை மூலையில் இருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார்:

"எனக்குத் தெரியும் ராத்தா. அவர்ட கண்ணப் பாத்தே தெரிஞ்சிட்டு. யாருக்கிட்டயாவது சொல்லுவம் எண்டு வாய் வரைக்கும் வந்திச்சி. ஒங்கட கடைக்கு நடந்தத நினச்சிப் பயந்திட்டன்."

அந்நேரம் வெளியூரிலிருந்து வந்த ஒரு பெண் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, மௌத்தானவருக்கு என்ன வருத்தம் என்று கேட்டாள். அவர் என் கையை விடவில்லை.

"டெங்கு" என்று நான்தான் சொன்னேன்.