ஃபர்னஸ் கதவில் கட்டிய சிவப்புக் கயிறு

காதர் அண்ணே போய்விட்டார். காலையில் அவர் மகன் மெசேஜ் அனுப்பியிருந்தார்... இன்று மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கமாம்.

அவர் வீடு இருக்கும் ஜெலுத்தோங் எனக்குப் பத்து நிமிட தூரம்தான். எந்த முகத்தோடு போவது என்று தெரியவில்லை.

தொண்ணூறுகளில் நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்த லேபில் அவர்தான் ஃபர்னஸ் டெக்னீஷியன்.

எங்கள் வேலையெல்லாம் உள்ளங்கை அளவு பீங்கான் வில்லை ஒன்றைச் சுற்றித்தான். கேஸ் நெருப்பில் அது வெள்ளையாகத் தகதகத்தால், அந்த ஒளி எதிரே இருக்கும் செல்லில் பட்டு மின்சாரமாகும். சூரியனுக்குப் பதில் நெருப்பு வைத்த சோலார் மாதிரி.

வில்லை அந்தச் சூட்டைத் தாங்க வேண்டுமென்றால் பக்குவமாகச் சுட வேண்டும். சுட்டதும் அண்ணன் ஃபர்னஸ் கைப்பிடியில் சிவப்பு ராஃபியா பிளாஸ்டிக் கயிறு கட்டிவிடுவார்.

"கயிறு இருக்குற வரைக்கும் யாரும் தொறக்கக்கூடாது லா. புரொபசரா இருந்தாலும் சரி."

முழுதாக ஆற மறுநாள் ஆகிவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை... அண்ணன் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார். திங்கட்கிழமை என் ஸ்காலர்ஷிப் ரிவ்யூ. வில்லை சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்காமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

கயிற்றை அவிழ்த்தேன். கதவை ஒரு விரல் அளவுதான் திறந்தேன். உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம்.

உடனே மூடி, கயிற்றைத் திரும்பக் கட்டிவிட்டு லைப்ரரிக்கு ஓடினேன்.

அண்ணன் போடுவது சுருக்கு முடிச்சு, ஒரே இழுப்பில் வந்துவிடும். மறுநாள் காலை நான் போட்ட முடிச்சை அவர் நகத்தால் நோண்டி அவிழ்த்தார். ஒரு தடவை என்னைப் பார்த்தார். வில்லை இரண்டாகப் பிளந்து கிடந்தது. புரொபசர் வந்து அண்ணனிடம் விசாரித்தார்.

"நான் தொழுதுட்டு வந்தேன் சார். கதவத் தொடவே இல்ல." முடிச்சைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

புரொபசர் என் பக்கம் திரும்பினார். "நீ பாத்தியா?"

"தெரியல சார். நான் லைப்ரரில இருந்தேன்."

அந்த மாதமே அவரை ஸ்டோருக்கு மாற்றினார்கள். பாட்டில் எடுத்துக் கொடுக்கிற வேலை. ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தார்.

அடுத்த வில்லை தாங்கியது. குட்டி பல்ப் ஒன்று எரிந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். கீழே ஸ்டோருக்குப் போய் அவரிடம் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை.

சில வருடம் கழித்து ஜெலுத்தோங் பசாரில் மீன் கடை முன்னால் பார்த்தேன். அவராகவே கேட்டார்.

"லைட் எரிஞ்சுச்சா தங்கச்சி?"

"எரிஞ்சுச்சுண்ணே."

"அப்ப சரி லா." சிரித்துவிட்டு மீனை வாங்கிக்கொண்டு போனார். அப்போதாவது சொல்லியிருக்கலாம்... கோழை மாதிரி நின்றேன்.

அன்று லேபில் இருந்த சிலர் இந்த ஃபேஸ்புக் பக்கத்தில் இருக்கிறீர்கள். அந்தக் கதவைத் திறந்தது நான். காதர் அண்ணே இல்லை.

முடிச்சு என்னோடதுதாண்ணே. போய் வாங்க.